மாட்டைக் கண்டு மங்காத லைற்: பழைய ஸ்கூட்டரை ஏசியிலிருந்து டிசிக்கு மாற்றுவது

வன்னியில் இரவில் பழைய ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு இந்தத் தலையிடி தெரியும். மாங்குளத்தில் ஏ-9 நெடுஞ்சாலையை விட்டு இறங்கி ஒட்டுசுட்டான் பக்கம் போகிறீர்கள். பகல் முழுக்க வெயில் குடித்த தார் றோட்டில் கட்டாக்காலி மாடுகள் நாலைந்து சுகமாகப் படுத்திருக்கின்றன. தூரத்தில் ஏதோ கறுப்பாகத் தெரிய அக்சிலேற்றரைக் குறைக்கிறீர்கள். அதோடு லைற்றும் குறைகிறது. பிரேக் பிடித்தால் இன்னும் மங்குகிறது. வெளிச்சம் வேண்டுமென்றால் முறுக்க வேண்டும், முறுக்கினால் மாட்டுக்குள்தான் போய் நிற்க வேண்டும்.

இது வண்டியின் பழுது இல்லை. அந்த வண்டிகளைச் செய்த விதமே அப்படி. அதை மாற்றலாம். ஒரு சனிக்கிழமையும் பாதி ஞாயிறும் போதும். மின்சார வேலை படித்திருக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு இடங்களில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கை வைக்கக் கூடாது. ஒன்று எர்த், அதாவது மின்சாரம் வண்டியின் பொடி (இரும்பு உடம்பு) வழியாகத் திரும்புகிற இணைப்பு. மற்றது இக்னிசன், அதாவது எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற பகுதி. கட்டுரையில் பாதி அந்த இரண்டைப் பற்றித்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

வெஸ்பா பிஎக்ஸ், பஜாஜ் சேட்டக் மாதிரியான வண்டிகளில் வலப்பக்க மூடியைக் கழற்றினால் காற்றடிக்கும் செட்டைகளோடு ஒரு சக்கரம், பிளைவீல், தெரியும். அதன் உள்விளிம்பில் காந்தங்கள். நடுவில் அசையாமல் இருக்கும் தட்டு ஸ்ரேற்றர், அதைச் சுற்றிச் செம்புக் கம்பி சுற்றிய கொயில்கள். காந்தம் ஓடும்போது வட துருவம் கடந்தால் கொயிலில் மின்சாரம் ஒரு பக்கம் பாயும், தென் துருவம் கடந்தால் மறுபக்கம் பாயும். ஓஎல் விஞ்ஞானப் புத்தகத்தில் ஆடலோட்டம் என்று படித்தோமே, அதுதான் இந்த ஏசி. எஞ்சின் வேகமாக ஓடினால் வோல்ற் கூடும், மெதுவாக ஓடினால் குறையும். பல்புக்கு நேரே இதைத்தான் கொடுக்கிறார்கள். கூடிப்போய் பல்ப் எரிந்துவிடாமல் இருக்க ஒரு ரெக்குலேற்றர் மேலதிகத்தை எர்த்துக்கு இறக்கிவிடும். குறைந்தால் கூட்டிக் கொடுக்க அதனால் முடியாது.

இதை நான் புத்தகத்தில் படிக்க முன்னமே கையால் படித்திருந்தேன். தொண்ணூறுகளில் எங்கள் பக்கம் கரண்டும் இல்லை, தடையால் ரேடியோ பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட காலம். சித்தப்பா ஒரு மட்டைத் துண்டில், மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் போக விடுகிற டயோட் நாலைக் குத்திச் சோல்டர் பண்ணி டைனமோவுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் வைத்திருந்தார். சுற்றுவது என் வேலை. செய்தி முக்கியமான இடத்துக்கு வரும்போது எனக்குக் கை ஓய்ந்துவிடும், வாசிப்பவரின் குரல் இழுபடும், உள்ளேயிருந்து "சுத்தடா" என்று சத்தம் வரும். அந்த மட்டைத் துண்டுதான் இன்றைக்குக் கடையில் அலுமினியப் பெட்டிக்குள் அடைத்து விற்கும் ரெக்ரிபயர். ஆடலோட்டத்தை ஒரே பக்கம் பாய வைக்கும் சாமான். அப்படி ஒரே பக்கம் பாய்வதுதான் டிசி. என் கை ஓய்ந்தாலும் ரேடியோ பாட வேண்டுமென்றால் நடுவில் ஒரு பற்றரி வேண்டும். அது அப்போது எங்களிடம் இல்லை, இப்போது இருக்கிறது. ஸ்கூட்டரில் செய்யப்போவது இவ்வளவுதான்.

உங்களுக்கு இது தேவையா?

பகலில் மட்டும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வருகிற வண்டி என்றால் கை வைக்காதீர்கள். ஏசி லைற்றில் பழுதாவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. பற்றரி செத்துப்போச்சு என்ற கதையே அதற்குக் கிடையாது. இரவில் ஓடுபவர்கள், எல்இடி ஹெட்லைற் போட விரும்புபவர்கள், போனுக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டியவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

பிளைவீலைக் கழற்றப் பயம் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. சிறிய சீன ஸ்கூட்டர்களுக்கு வரும் நாலு கால் ரெக்குலேற்றர் ஒன்றை வாங்கிப் போட்டால் அது ஏசி அலையின் ஒரு பாதியை எடுத்துப் பற்றரியைச் சார்ஜ் பண்ணும். ஹெட்லைற் பழையபடி ஏசியிலேயே ஓடும். ஹோர்ன், சிக்னல், பிரேக் லைற் மட்டும் பற்றரிக்கு வரும். ஸ்ரேற்றரில் எதையும் வெட்டத் தேவையில்லை. ஆனால் மாட்டுப் பிரச்சினை அப்படியே இருக்கும் என்பதால் எனக்கு அதில் பெரிய விருப்பம் இல்லை. செய்வதென்றால் முழுதாகச் செய்யுங்கள்.

சிலர் பற்றரி வேண்டாம், மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கிற பெரிய கப்பாசிற்றர் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டலாமே என்பார்கள். ஓட்டலாம்தான். எஞ்சின் மெதுவாக ஓடும்போது கப்பாசிற்றர் கண் மூடித் திறக்கிற நேரத்துக்குத்தான் தாங்கும், பிறகு மங்கல்தான்.

வேண்டிய சாமான்கள்

முதலில் மல்ரி மீற்றர். மலிவானது போதும், ஆனால் கட்டாயம் வேண்டும். பழைய ஸ்கூட்டரில் வயர் நிறத்தை நம்பக் கூடாது. இந்தியச் சேட்டக்குக்கு ஒரு நிறம், இத்தாலி வெஸ்பாவுக்கு ஒரு நிறம். யுத்தகாலத்தில் கிடைத்த வயரைப் போட்டு ஓட்டிய வண்டிக்கு எந்த நிறமும் சொந்தமில்லை. ஒருமுறை ஒரு சேட்டக்கில் வேலி அடைக்கிற கட்டுக்கம்பியையே எர்த் வயராகக் கண்டேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்தது 60 வாற் சோல்டரிங் அயன். ரேடியோ திருத்துகிற 25 வாற் அயனால் ஸ்ரேற்றர்த் தட்டில் ஈயம் உருகாது, தட்டு சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடும். பிளைவீலைப் பிடித்து நிறுத்தும் கருவியும் இழுக்கும் கருவியும் கராச்சில் இரவல் வாங்கலாம். பிளைவீலின் செட்டைக்குள் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து நிறுத்தாதீர்கள். அது வார்ப்பு அலுமினியம், செட்டை உடைந்தால் வண்டி ஆயுளுக்கும் நடுங்கும்.

ரெக்குலேற்றர்-ரெக்ரிபயர் ஒன்று. 12 வோல்ற், முழு அலை, அதாவது ஏசி அலையின் இரண்டு பாதியையும் எடுக்கிற வகை. மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் கேட்டால் பல வகை காட்டுவார்கள். பார்க்க வேண்டியது வயர்கள். ஒரே நிறத்தில் இரண்டு ஏசி வயர், அனேகமாக மஞ்சள். சிவப்பு பற்றரியின் பிளஸ். கறுப்போ பச்சையோ எர்த். மஞ்சள் மூன்று இருந்தால் அது மூன்று கொயில் தொகுதி உள்ள பெரிய வண்டிகளுக்கானது. வேறு கிடைக்காவிட்டால் அதில் எந்த இரண்டையாவது பாவித்து மூன்றாவதை ரேப் சுற்றி விட்டாலும் பெரும்பாலும் சரிவரும்.

பற்றரி 12 வோல்ற், 5 அம்பியர்-மணி, தண்ணீர் விடத் தேவையில்லாத சீல் வகை. பிறகு 10 அம்பியர் பியூஸ் ஒன்று கூட்டோடு, டிசி ஹோர்ன், சிக்னலை மினுக்குகிற டிசி பிளாஷர், நாலு வயர் சாவிச் சுவிட்ச், சூடு தாங்கும் வயர், சூட்டில் சுருங்கும் குழாய், கொஞ்சம் அரல்டைற் பசை.

முதல் வேலை: எதையும் கழற்றாமல் அளந்து பாருங்கள்

வண்டி எலெக்ட்ரோனிக் இக்னிசனா, பொயின்ற் (தொட்டு விலகித் தீப்பொறி கொடுக்கிற பழைய வகை) உள்ளதா என்று பாருங்கள். எஞ்சின் பக்கத்தில் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று, அதிலிருந்து தடித்த பிளக் வயர் போனால் அது சிடிஐ, எலெக்ட்ரோனிக் இக்னிசனின் பெட்டி. பிஎக்ஸில் அந்தப் பெட்டிக்கு ஸ்ரேற்றரிலிருந்து சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றும் போகும். பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவில் 500 ஓம் அளவும், சிவப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் 110 ஓம் அளவும் காட்டினால் இக்னிசன் கொயில்கள் சுகமாக இருக்கின்றன. இந்த எண்களை இப்போதே எழுதி வையுங்கள். வேலை முடிந்து வண்டி ஸ்ரார்ட் ஆகாவிட்டால், குழப்பியது நீங்களா, முதலே பழுதா என்று தெரிய வேண்டும்.

லைற் கொயிலின் வயர், பிஎக்ஸில் அனேகமாக நீலம், பழைய ரெக்குலேற்றருக்குப் போகும். அதைக் கழற்றி, மீற்றரை ஏசிக்கு வைத்து, வயருக்கும் பொடிக்கும் நடுவில் அளந்துகொண்டே எஞ்சினை மெல்ல முறுக்குங்கள். வேகத்தோடு எண் ஏறிக்கொண்டே போனால் கொயில் நல்லம். கொஞ்சம் முறுக்கியதுமே 40 ஐத் தாண்டிப் போனாலும் பயப்படாதீர்கள், சுமை இல்லாததால் அப்படிக் காட்டும். எண்ணே வராவிட்டால் டிசி பற்றி யோசிக்க முன் ஸ்ரேற்றரைத் திருத்த வேண்டும்.

பழைய 6 வோல்ற் வண்டிக்காரருக்கு ஒரு வார்த்தை. அந்த ஸ்ரேற்றரையும் இதே முறையில் மாற்றலாம், ஆனால் அதில் வலு குறைவு. எல்லா லைற்றையும் எல்இடி ஆக்கினால்தான் பற்றரி நிறையும். இன்னொன்று, சில பழைய மொடல்களில் பிரேக் லைற் பல்ப் இக்னிசன் கொயிலோடு தொடராக இருக்கும். பல்ப் எரிந்துபோனால் பிரேக் பிடிக்கும்போது எஞ்சின் நின்றுவிடும். உங்கள் வண்டிக்கு இந்தப் பழக்கம் இருந்தால் ஸ்ரேற்றரை முழுதாக மறுபடி சுற்றத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். அது புதியவர்களுக்கான வேலை இல்லை.

எர்த்தைத் தூக்குவது

இதுதான் முழு வேலையின் நெஞ்சு. மற்றதெல்லாம் வயர் இழுப்பு.

ஏசி வண்டியில் லைற் கொயிலின் ஒரு முனை வெளியே வரும். மற்ற முனை ஸ்ரேற்றர்த் தட்டிலேயே சோல்டர் பண்ணப்பட்டு எர்த்தாகியிருக்கும். இப்படி ஒரு கால் மண்ணில் இருக்கும்போது முழு அலை ரெக்ரிபயரைக் கொடுத்தால் அலையின் ஒரு பாதி டயோட் வழியாக எர்த்துக்கே குறுக்காக ஓடிவிடும். பாதி மின்சாரம்தான் கிடைக்கும், கொயிலும் ரெக்ரிபயரும் வீணாகச் சூடேறும். "டிசி பண்ணினன் அண்ணை, ஆனா பற்றரி ஏறுதில்லை" என்று வருகிற தம்பிமாரில் பத்துக்கு எட்டுப் பேர் இந்தக் காலைத் தூக்காதவர்கள்.

பிளைவீலின் நட்டைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் உள்ளே ஒரு வளையக் கிளிப் இருக்கும். அப்படியானால் நட்டைத் தொடர்ந்து கழற்ற அதுவே பிளைவீலை இழுத்து வெளியே கொண்டுவரும், இடையில் ஒருமுறை இறுகி மறுபடி இளகும். கிளிப் இல்லாவிட்டால் இழுக்கும் கருவி வேண்டும். பிளைவீல் வந்ததும் அச்சில் இருக்கும் அரைவட்டச் சாவியை (பிளைவீலை நழுவாமல் பிடிக்கிற சின்ன இரும்புத் துண்டு) எடுத்துப் பத்திரமாக வையுங்கள். எங்கள் முற்றத்து மணலில் அது ஒருமுறை விழுந்து, மா அரிக்கிற அரிதட்டால் மண்ணை அரித்து எடுத்தேன். பிளைவீலையும் தகரம், ஆணி கிடக்கிற நிலத்தில் வைக்காதீர்கள். காந்தம் பொறுக்கிக்கொண்டதை நீங்கள் கவனிக்காமல் பூட்டினால் உள்ளே கொயிலை உரித்துவிடும்.

ஸ்ரேற்றர்த் தட்டை மூன்று ஸ்குரூ பிடித்திருக்கும். கழற்ற முன் தட்டையும் எஞ்சின் பொடியையும் சேர்த்து ஓர் ஆணியால் கோடு கீறுங்கள். பூட்டும்போது அந்தக் கோடு நேரே வர வேண்டும். இல்லாவிட்டால் இக்னிசன் ரைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், மாறிவிடும்.

இப்போது தட்டை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கொயில்கள் இரண்டு இனம். மெல்லிய கம்பி, மேலே ரேப்போ பிசினோ சுற்றி மூடியது இக்னிசன். அதைத் தொடக் கூடாது. தடித்த செம்புக் கம்பி வெளியே தெரிய, ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சங்கிலி மாதிரிப் போவது லைற். அந்தச் சங்கிலியின் ஒரு முனை வெளியே வரும் வயரில் இருக்கும். மற்ற முனையைப் பின்தொடர்ந்தால் தட்டில் உள்ள ஒரு சின்னக் காதில் போய்ச் சேரும். அதே காதில் இக்னிசனின் எர்த் வயரும் சேர்ந்து சோல்டர் ஆகியிருக்கக் கூடும். அயனை வைத்து ஈயத்தை இளக்கி லைற் கொயிலின் முனையை மட்டும் தூக்குங்கள். இக்னிசன் எர்த் அங்கேயே இருக்க வேண்டும். ஈயம் ஆறும் வரைக்கும் அதைக் குறட்டால் பிடித்திருங்கள். நாங்கள் கவனிக்காத நேரத்தில் அதுவும் கழன்றுவிடும்.

தூக்கிய முனையில் எனாமல் பூச்சைக் கத்தியால் சுரண்டி, சூடு தாங்கும் வயர் ஒன்றைச் சோல்டர் பண்ணி, சுருங்கும் குழாயைப் போட்டு மூடுங்கள். பிறகு அந்த மூட்டைத் தட்டோடு அரல்டைற்றால் ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் விட்டால் செம்புக் கம்பி எங்கள் றோட்டின் நடுக்கத்துக்கு ஆறு மாதம் தாங்காது. எல்லாவற்றையும் திறந்திருக்கும்போதே பழைய வயர்களையும் கையால் வளைத்துப் பாருங்கள். சூட்டிலும் ஒயிலிலும் கிடந்து ரப்பர் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் எல்லா வயரையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

மீற்றர் பரிசோதனை: லைற் கொயிலின் இரண்டு வயருக்கும் நடுவில் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். அவற்றில் எதற்கும் தட்டுக்கும் நடுவில் தொடர்பே இருக்கக் கூடாது. ஏதாவது எண் வந்தால் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கிறது, பூட்டாதீர்கள்.

பூட்டிய பிறகும் ஒரு சோதனை. பழைய 35 வாற் பல்ப் ஒன்றை இரண்டு வயருக்கும் நடுவில் பிடித்து உதையுங்கள். எரிய வேண்டும். ஒரு வயருக்கும் பொடிக்கும் நடுவில் பிடித்தால் எரியக் கூடாது. இது சரிவந்தால் அன்றைய வேலையை நிறுத்திவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கலாம்.

பழைய வயர்த்தொகுதியில் ஒளிந்திருக்கும் பொறி

இரண்டாம் நாள். பழைய ஏசி ரெக்குலேற்றரை முற்றாகக் கழற்றி ஒரு பையில் போட்டு வண்டிக்காரரின் பெயரை எழுதி வையுங்கள். வயரோடு தொங்கவிடக் கூடாது. அதன் வேலையே மேலதிகத்தை எர்த்துக்கு இறக்குவது, டிசியில் மாட்டினால் பற்றரியையே எர்த்துக்கு இறக்கி எரிந்துபோகும்.

அடுத்தது பலருக்குத் தெரியாதது. பழைய ஸ்கூட்டர்களில் சில சுவிட்சுகள் தலைகீழ். ஹோர்ன் பொத்தானும் பிரேக் சுவிட்சும் சும்மா இருக்கும்போது எர்த்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும், அமத்தினால்தான் விடுபடும். ஏசியில் அது சரி, அந்தக் கொயில் குறுக்கானாலும் தாங்கும். பற்றரி தாங்காது, வயர் பற்றிக்கொள்ளும். கண்டுபிடிக்க ஒரு வழி: எல்லாப் பல்பையும் கழற்றுங்கள், ஹோர்ன் வயரையும் கழற்றுங்கள். லைற் சுவிட்சுக்குள் போகும் பிரதான வயருக்கும் பொடிக்கும் நடுவில் மீற்றரை வையுங்கள். சுவிட்சின் ஒவ்வொரு நிலையிலும், பிரேக் அமத்தியும் அமத்தாமலும், ஹோர்ன் அழுத்தியும் அழுத்தாமலும் பாருங்கள். எந்த நிலையிலும் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் அந்தச் சுவிட்சை, அமத்தினால் தொடுகிற வகைக்கு மாற்றுங்கள். பிரேக் சுவிட்ச் இரண்டு வகையிலும் கடையில் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள்.

ஹோர்னும் பிளாஷரும் எப்படியும் மாற வேண்டும். ஏசி ஹோர்னுக்கு டிசி கொடுத்தால் "டிக்" என்று ஒருதரம் இழுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும், அமத்திப் பிடித்தால் உள்ளே சூடேறும். பழைய இழைப் பல்புகளுக்கு ஏசியா டிசியா என்ற கவலை இல்லை.

இணைப்பு

ரெக்குலேற்றரை இரும்புப் பொடியில், காற்றுப் படுகிற இடத்தில், பெயின்றைச் சுரண்டிவிட்டு நட் போட்டு இறுக்குங்கள். ஸ்ரேற்றரிலிருந்து வரும் இரண்டு வயரும் இரண்டு மஞ்சளுக்கு. எது எதற்கு என்று பார்க்கத் தேவையில்லை, ஏசிக்குத் தலையும் இல்லை வாலும் இல்லை. சிவப்பு பியூஸ் வழியாகப் பற்றரியின் பிளஸ்ஸுக்கு, எர்த் பொடிக்கு. பற்றரியின் மைனஸையும் அதே நட்டில் கொண்டுவந்து சேர்த்தால் பாதி வியாதி வராது.

பிஎக்ஸில் இடப்பக்க மூடிக்குள் ஸ்பெயர் ரயருக்குப் பக்கத்தில் பற்றரிக்கு இடம் உண்டு. சைக்கிள் ரியூப்பை வெட்டி அடியில் வைத்து, பட்டி போட்டுக் கட்டுங்கள். பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ். பியூஸுக்கு முன்னால் எதுவும் பிரியக் கூடாது. பியூஸிலிருந்து சாவிச் சுவிட்ச், அங்கிருந்து முன்பு ஏசி போன அதே பிரதான வயர். அதற்கு அப்பால் பழைய வயர்த்தொகுதி அப்படியே வேலை செய்யும். பிரதான வயர்கள் 1.5 சதுர மில்லிமீற்றர் இருந்தால் நல்லம்.

இப்போது இக்னிசன். எஞ்சினை நிறுத்துகிற வயர், பிஎக்ஸில் சிடிஐயிலிருந்து வரும் பச்சை, எர்த்தைத் தொட்டால் எஞ்சின் நிற்கும், விட்டால் ஓடும். அதாவது மோட்டார் காரின் சாவிக்கு நேர் எதிர். இந்த வயருக்கு ஒருபோதும், ஒரு கணம்கூட, 12 வோல்ற் கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தேன். முதன்முதல் மாற்றிய வண்டியில், கிளிநொச்சியில், மழை இருட்டில், பழைய சாவியின் மிச்சக் காலில் பற்றரி வயரைச் செருகிவிட்டுத் திருப்பினேன். சத்தமும் இல்லை, புகையும் இல்லை. வண்டி மட்டும் பிறகு ஸ்ரார்ட் ஆகவில்லை. புதுச் சிடிஐ கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும்வரை ஸ்கூட்டர் வேப்பமரத்தடியில் நின்றது, கோழி அதில் ஏறிப் படுத்தது.

அதனால்தான் நாலு வயர் சாவிச் சுவிட்ச் கேட்டேன். மோட்டார் சைக்கிளுக்கு வரும் அந்த வகையில் இரண்டு வயர் சாவி மூடியிருக்கும்போது தொடும், மற்ற இரண்டும் திறந்திருக்கும்போது தொடும். மூடும்போது தொடுகிற சோடியில் பச்சையும் எர்த்தும், திறக்கும்போது தொடுகிற சோடியில் பற்றரியும் லைற் வயரும். இரண்டு சோடிக்கும் நடுவில் எந்த உறவும் கிடையாது. எது எந்தச் சோடி என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல் மீற்றரால் பார்த்து ரேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு நன்மை. இக்னிசன் தன்பாட்டில் இருப்பதால் பற்றரி முற்றாகச் செத்தாலும் உதைத்தால் வண்டி ஓடும். நெடுங்கேணிக் காட்டுக்குள் நின்றுவிடமாட்டீர்கள்.

கடைசிச் சோதனைகள்

பியூஸைப் போடும்முன் பியூஸ் கூட்டின் இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு சிறு பல்பைப் பிடியுங்கள். சாவி மூடியிருக்கும்போது அது எரிந்தால் எங்கோ பற்றரி ஒழுகுகிறது. எரியாவிட்டால் பியூஸைப் போடலாம். எஞ்சின் ஓடாமல் பற்றரியில் 12.6 வோல்ற்றுக்கு மேல் இருக்க வேண்டும். ஓட்டி முறுக்கும்போது 14.2 முதல் 14.5 வரை ஏறி அங்கேயே நிற்க வேண்டும். 15 ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், ரெக்குலேற்றரோ அதன் எர்த்தோ பிழை. எவ்வளவு முறுக்கினாலும் 13 ஐத் தொடாவிட்டால் மஞ்சள் வயர் இணைப்புகளையும், தூக்கிய எர்த்தையும் திரும்பப் பாருங்கள்.

பிறகு எல்லா லைற்றையும் போட்டுப் பாருங்கள். 35 வாற் ஹெட்லைற் ஏறக்குறைய 3 அம்பியர் குடிக்கும், 12 வாற் எல்இடி ஒரு அம்பியர். ஹெட்லைற் எரியும்போதும் சாதாரண ஓட்டத்தில் 13.5 க்கு மேல் இருந்தால் பற்றரி நிறைகிறது. அதற்குக் கீழே நின்றால் உங்கள் கொயில் சம்பாதிப்பதை விடச் செலவு கூட, எல்இடிக்கு மாறுங்கள். ஆனால் கண்ட கண்ட எல்இடியைப் போடாதீர்கள். பழைய கண்ணாடிக்குள் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி எதிரே வருகிறவரைக் குருடாக்கும். இரவில் வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்து, வெளிச்சத்தின் மேல் விளிம்பு ஹெட்லைற்றின் உயரத்துக்குக் கீழே வரும்படி இறக்கி வையுங்கள்.

மாரி தொடங்க முன், ஐப்பசியில், எல்லா இணைப்பிலும் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். எங்கள் செம்மண் தூசி ஈரத்தோடு சேர்ந்தால் செம்பைப் பச்சையாக்கிவிடும். முதல் ஒரு கிழமை ஓடியபின் பிளைவீல் நட்டையும் எர்த் நட்டையும் ஒருதரம் இறுக்கிப் பாருங்கள். ஏசி வண்டி ஓட்டிப் பழகியவருக்குச் சாவியை மூட மறக்கிற வியாதி இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு லைற்றை மறந்து கோயிலுக்குள் போனால், 35 வாற் பல்ப் எரிய 5 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்றரை மணித்தியாலம் போலத் தாங்கும். பூசை நீண்டால் வெளியே வந்து இருட்டில் உதைக்க வேண்டியதுதான்.